போதும்னாலும் விடாத வீணா

எங்க மெஸ்ஸுல வீணா கரண்டியோட வந்து நின்னுட்டான்னா "போதும்"ங்கற வார்த்தைக்கு மரியாதையே கிடையாது. இலைக்கு மேல கையைக் குறுக்க வச்சுத் தடுத்தாலும் போகமாட்டா. நீங்க எப்போ கையை எடுக்கறீங்கன்னு பாத்துக்கிட்டே நிப்பா. மனுஷன் எவ்ளோ நேரம்தான் கையை அப்படியே வச்சிருப்பான்? மூக்கு அரிக்கும், இல்ல போன் அடிக்கும். கை நகர்ந்துச்சோ இல்லையோ, சோறு இலையில விழுந்துடும். "என்னம்மா இது?"ன்னு கேட்டா, "இது கணக்குலயே வராதுண்ணா, கரண்டியில ஒட்டிக்கிட்டு இருந்தது"ம்பா.

நான் ஜெயலட்சுமி. பெங்களூர் ஆஸ்டின் டவுன்ல மத்தியானச் சாப்பாட்டு மெஸ் நடத்தறேன். போர்டெல்லாம் கிடையாது. ஜெயாக்கா மெஸ்ஸுன்னா எந்த ஆட்டோக்காரனும் கொண்டாந்து விட்டுடுவான். எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊரே சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும். என் சாம்பாரைப் பத்தி எவனாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்ப பாத்துக்கறேன். ஆனா இன்னிக்கு என் பெருமையைப் பேச வரல. எங்க வீணாவைப் பத்திப் பேச வந்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயியோட ஒரே பொண்ணு இவ. சின்னத்தாயி ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல ஹவுஸ்கீப்பிங். காலையில போனா சாயங்காலம்தான் வரும். வீணாவோட அப்பா பச்சைமுத்து மார்க்கெட்ல மூட்டை தூக்கினவரு. ஆளு மலை மாதிரி இருப்பாரு. ஒரு நாள் திடீர்னு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, படுத்துட்டாரு. வீணா அப்போதான் பி.யூ.சி. முடிச்சிருந்தா. அவ்ளோ பெரிய மனுஷனைத் தூக்கி உக்கார வச்சு, குளிப்பாட்டி, துணி மாத்தி, ஊட்டிவிட்டு, எல்லாம் அந்தச் சின்னப் பொண்ணுதான். அவரு நாலு வாய்க்கு மேல வேணாம்பாரு. இவ விடமாட்டா. "இது எனக்கு ஒரு வாய், இது அம்மாவுக்கு ஒரு வாய், இது ஜெயாக்காவுக்கு ஒரு வாய்." என் பேரைச் சொன்னா மட்டும் அவரு மொகத்தைத் திருப்பிக்குவாரு. இழுத்துக்கிட்ட வாயிலயும் கிண்டலுக்குக் குறைச்சல் இல்ல அந்த மனுஷனுக்கு.

அவரு போன பிறகு, இவ்ளோ நாள் செஞ்ச வேலையை முறையாவே படிச்சிடறேன்னு நோயாளிங்களைப் பாத்துக்கற கோர்ஸ் ஒண்ணு படிச்சா. ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல வேலையும் கெடைச்சுது. வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு தெருவுல நடந்து போறப்போ சின்னத்தாயி வாசல்ல நின்னு பாக்கும் பாருங்க, அந்தப் பார்வைக்கே சுத்திப் போடணும். கொஞ்ச நாள்ல அந்த டாக்டரு பையன்கிட்டப் போறேன்னு நர்சிங் ஹோமை மூடிட்டாரு. அப்புறம் ஒரு ஏஜென்சி மூலமா வீட்டுல போயி வயசானவங்களைப் பாத்துக்கற வேலை. பேருதான் அது. போனா, "பெரியம்மா தூங்கறாங்க இல்ல, அதுவரைக்கும் பாத்திரத்தைக் கழுவு, பாத்ரூமைத் தேய்"ம்பாங்க. ஒரு வீட்டுல நாய்க்குக் குளிப்பாட்டச் சொல்லியிருக்காங்க. இவ, "நான் மனுஷங்களைப் பாத்துக்கத்தான் படிச்சேன்"னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டா. வந்தவளை நான் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். சின்னத்தாயிதான் தலையில அடிச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் வேலையே கெடைக்கல. வீட்டுல சும்மா உக்காந்திருக்கற பொண்ணுன்னா இந்த ஊரு விடுமா? "இன்னும் வேலை கெடைக்கலையா?" "அப்ப கல்யாணத்தைப் பண்ணிடலாமே?" அக்கறை பொத்துக்கிட்டு ஊத்தும். அவங்க யாரும் ஒரு வேளை வந்து பச்சைமுத்துவைத் திருப்பிப் படுக்க வச்சவங்க இல்ல. நான்தான், "வாடி, வந்து பரிமாறு, மனசும் கொஞ்சம் மாறும்"னு மெஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டேன். வந்த ஒரே வாரத்துல என் அரிசி டிரம்மு அடி தெரிய ஆரம்பிச்சுது. கஸ்டமருங்க மட்டும் ஏறிக்கிட்டே போனாங்க. வீணா பரிமாறற வரிசையில உக்காரத்தான் அடிச்சுப்பாங்க.

அந்த வரிசையில தெனமும் சுவரோரமா உக்காருறவரு சேஷகிரி சாரு. மைசூருக்காரரு, சர்க்கார் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, வீட்டம்மா போயிட்டதால தனியா இருக்காரு. கன்னடமும் தமிழுமா கலந்து பேசுவாரு. "சாக்கும்மா, சாக்கு"ன்னு கத்திக்கிட்டே இருப்பாரு. கன்னடத்துல சாக்குன்னா போதும். வீணாவுக்கு எந்த பாஷையில சொன்னாலும் காதுல ஏறாது. வந்தப்போ குச்சி மாதிரி இருந்த மனுஷன், சட்டை பட்டன் பத்தாம நிக்கற அளவுக்குத் தேறிட்டாரு.

அவருதான் ஒரு நாள் பேப்பரை எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டினாரு. வேலை இல்லாத பசங்களுக்கு சர்க்காரே பயிற்சி குடுத்து, பாஷையும் சொல்லிக் குடுத்து, வெளிநாட்டு வேலைக்கு அனுப்புதாம். ஜப்பான்ல வயசானவங்க ஜாஸ்தி, பாத்துக்க ஆள் இல்லையாம். ஏஜென்ட்டு கமிஷன் கிடையாதாம்.

"சும்மாவா அனுப்பறாங்க? சர்க்கார் சும்மா குடுக்கறது போலியோ சொட்டு மருந்து ஒண்ணுதான் சார்"னேன் நான்.

நான் அப்படிச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. எதிர்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஆட்டோ யூஜினையே ஒரு ஏஜென்ட்டு டிரைவர் வேலைன்னு சொல்லி வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, காரு கழுவ விட்டுட்டான். இவன் அங்க போயி ஸ்டியரிங்கைத் தொட்டது, தொடைக்கறப்போ மட்டும்தான். "அக்கா சொல்றது கரெக்ட்டு"ன்னான் யூஜின்.

ஆனா வீணா சாம்பார் வாளியோட அப்படியே நின்னுட்டா. "வயசானவங்களைப் பாத்துக்கறது மட்டுமா சார்? வேற வேலை வாங்கமாட்டாங்களா?"ன்னு கேட்டா. அவரு மறுபடியும் படிச்சுப் பாத்துட்டு, "அதுவே தனி வேலைம்மா. பரீட்சை வச்சுத்தான் எடுப்பாங்க"ன்னாரு. அன்னிக்கு மிச்ச வரிசைக்குப் பரிமாறவே இல்ல அவ. வாளி கையிலயே இருக்கு, ஜனங்க வெறும் சோத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.

சரி, போயித்தான் பாப்போமேன்னு அந்த ஆபீஸுக்கு மூணு பேருமா போனோம், வீணா, சின்னத்தாயி, நானு. அங்க சுப்ரியா மேடம்னு ஒருத்தங்க. அவங்கதான் ஜப்பான் பாஷை சொல்லித் தர்றவங்க. கன்னடக்காரங்க, ஆனா தமிழ் சரளமா வரும்.

"கமிஷன் இல்லன்னா உங்களுக்கு என்ன லாபம்?"னு நேராவே கேட்டுட்டேன்.

"எனக்கு மாசாமாசம் சம்பளம் வருதும்மா"ன்னாங்க.

அது நியாயமாப் பட்டுச்சு. சேத்துவிட்டுட்டு வந்தோம்.

அப்புறம் எங்க மெஸ்ஸுல நடந்த கூத்தைக் கேக்கணுமே! காலையில கிளாஸு, மத்தியானம் ஓடி வந்து பரிமாறுவா. படிச்சதை எல்லாம் எங்க மேலதான் பிராக்டீஸ். சோறு வைக்கறதுக்கு முன்னாடி "இத்ததகிமாஸ்"னு சொல்லணுமாம், சாப்பிட ஆரம்பிக்கறவங்க சொல்ற மரியாதை. சொல்லாதவனுக்கு ரசம் கிடையாது. யூஜின் மொதல்ல மொறைச்சான், அப்புறம் அவன்தான் எல்லாருக்கும் முன்னாடி கையைக் கூப்பிச் சத்தமா சொல்லுவான். பெயின்ட் கடைப் பசங்க, லாட்ஜு வாட்ச்மேனு, எல்லாரும் குனிஞ்சு கும்பிட்டுட்டு சோத்துல கை வைக்கறாங்க. சேஷகிரி சாரை "சேஷகிரி-சான்"னு கூப்பிடுவா. அங்க பேருக்குப் பின்னாடி சான்னு சேத்தா மரியாதையாம். அவருக்கு வெக்கம் தாங்காது. என்னை "ஜெயா-சான்"னு கூப்பிட்டா. "ஒதை வாங்குவே, அக்கான்னு கூப்பிடு"ன்னேன்.

மாசங்கள் ஓடிச்சு. பாஷைப் பரீட்சையில பாஸாயிட்டா. சின்னத்தாயி அபார்ட்மென்ட் முழுக்க மைசூர்பாகு குடுத்துச்சு. இனிமே ஆள் எடுக்கறது ஒண்ணுதான் பாக்கி. ஜப்பான்ல முதியோர் இல்லம் நடத்தறவங்க நேர்ல வந்து பாத்து எடுத்துக்குவாங்களாம். அவங்க எடுத்தாத்தான் போக முடியும். எடுக்கலன்னா படிச்சது படிச்சதோட சரி.

அந்த நாளும் வந்துச்சு. நான் சமையலுக்கு நடுவுல எல்லா சாமிக்கும் வேண்டிக்கிட்டேன். சின்னத்தாயி வேலைக்கே போகல. மத்தியானம் வீணா வந்தா. மொகத்தைப் பாத்த உடனே புரிஞ்சு போச்சு. நேரா உள்ள போயி அரிசி டிரம்மு மேல உக்காந்துட்டா.

"என்னடி ஆச்சு?"

"கடைசியில ஊட்டிவிடற டெஸ்ட்டுல போயிடுச்சுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஊட்டிவிடறதுல இவ பெயிலா? மீனு நீச்சல்ல பெயில்னா யாராவது நம்புவாங்களா? அப்புறம்தான் முழுசா சொன்னா. கட்டில்ல இருந்து தூக்கறது, பெட்ஷீட்டை ஆளோட சேத்து மாத்தறது, பேசறது எல்லாம் பிரமாதமாப் போயிருக்கு. கடைசியில அங்கேருந்து வந்த அம்மா ஒருத்தங்க நோயாளி மாதிரி உக்காந்துக்கிட்டாங்க. இவ ஸ்பூன்ல கஞ்சி ஊட்டணும். நாலஞ்சு வாய் வாங்கிட்டு அந்தம்மா அவங்க பாஷையில போதும்னு சொல்லிட்டாங்க. இவ சும்மா இருந்தாளா? "இது எனக்காக ஒரு வாய்"னு அழகா அவங்க பாஷையிலயே கொஞ்சி ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போயிட்டா. அந்தம்மா வேணாம்னு தலையைத் திருப்பிக்கிட்டாங்க. இவ ஸ்பூனைக் கையில புடிச்சுக்கிட்டு, எப்போ திரும்புவாங்கன்னு பாத்துக்கிட்டே நின்னிருக்கா. திரும்பினாங்க. வச்சுட்டா.

நாங்க பண்ணா கெட்டிக்காரத்தனம். அவங்க அதைத் தப்புன்னு எழுதி வச்சுக்கிட்டாங்க.

அடுத்த நாளே சுப்ரியா மேடம் மெஸ்ஸுக்கு வந்துட்டாங்க. வீணாகிட்ட பேச வந்தவங்களை நான் விடுவேனா, "மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க"ன்னேன். உக்காந்தாங்க. வீணா அழுத மொகத்தோடவே பரிமாறினா. மேடம் போதும்னாங்க. விழுந்துச்சு ஒரு கரண்டி. கையைக் குறுக்க வச்சாங்க, வீணா நின்னா. மேடம் தண்ணி குடிக்க டம்ளரை எடுத்தாங்க, விழுந்துச்சு இன்னொண்ணு. மேடம் அப்படியே இலையைப் பாத்தாங்க, வீணாவைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க.

"ஓ, வியாதி இங்கதான் இருக்கா!"ன்னாங்க.

அப்புறம் பொறுமையா விளக்கினாங்க. அங்க ஒருத்தங்க போதும்னு சொன்னா போதும்தான். மரியாதைக்குச் சொல்றது, பிகு பண்றது எல்லாம் கிடையாது. அதோட, ரொம்ப வயசானவங்களுக்கு தொண்டைக்குள்ள எறங்கறதே மெதுவாத்தான். மொதல் வாய் எறங்கறதுக்குள்ள அடுத்ததை வச்சா மூச்சுக்குழாயில போயிடும், உசுருக்கே ஆபத்து. "நீ பாசமாத்தான் செஞ்ச. ஆனா அவங்க பயந்துட்டாங்க, வீணா. அவங்க ஊர் ஊராப் போயிட்டு திரும்ப பெங்களூர் வழியாத்தான் போவாங்க. இன்னொரு தடவை பாருங்கன்னு கேட்டு சம்மதிக்க வச்சிருக்கேன். இதுதான் கடைசி."

மேடம் அந்தப் பக்கம் போனாங்களோ இல்லையோ, அன்னிக்கும் வேலைக்குப் போகாம ஓரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்த சின்னத்தாயி என் மேல பாஞ்சுது. "உன் மெஸ்ஸாலதான் என் பொண்ணு கெட்டுது! பரிமாறு பரிமாறுன்னு பழக்கிவிட்டுட்ட!"

"ஏன், உன் வீட்டுல மட்டும் அளந்தா வைக்கறீங்க? போன பொங்கலுக்கு எனக்கு நீ வச்ச சோத்துல நான் ரெண்டு நாள் எந்திரிக்கல. தாயைப் போல புள்ள, நூலைப் போல சேலை!"

தெருவே வேடிக்கை பாத்துச்சு. கடைசியில ரெண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கிட்டு ஒரே டம்ளர் டீயைப் பாதி பாதியாக் குடிச்சோம். அந்தப் பொண்ணுக்கு இந்த வேலை கெடைக்கணும், எங்க ரெண்டு பேருக்கும் வேற ஒண்ணும் வேணாம்.

அன்னிலேருந்து மெஸ்ஸுல புது சட்டம் போட்டேன். போதும்னா போதும். வீணா வேற பேச்சு இல்லாம அடுத்த இலைக்குப் போயிடணும்.

ஐயோ, அதுல ஊரே கவுந்து போச்சு! நம்ம ஜனங்க ஒரு கரண்டி விழுந்த உடனே மரியாதைக்குப் "போதும்மா"ன்னு சொல்லுவாங்க இல்ல, அது வாயில தானா வர்றது. எப்படியும் இன்னும் மூணு தடவை வைப்பாங்கன்னு வயித்துக்குத் தெரியும். இவ நிஜமாவே போயிட்டா. யூஜின் பழக்க தோஷத்துல சாம்பாரு தொட்ட உடனே போதும்னுட்டான். வெள்ளைச் சோத்தை முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். "அக்கா, என்னக்கா இது, போதும்னா அப்படியே போயிடறதா? ஏதாவது கோபமா என் மேல?"ன்னு கேட்டான். லாட்ஜு வாட்ச்மேன் பாதி வயித்தோட எந்திரிச்சுப் போனாரு, மூணு நாள் வரவே இல்ல. என் கடை வாசல்ல நின்னு, "ஜெயாக்காவுக்கு அரிசி வெலை ஒரைக்க ஆரம்பிச்சுடுச்சு"ன்னு பேசினவனும் உண்டு. அவன் மேல கரண்டியை வீசினேன், தப்பிச்சுட்டான்.

ஆனா வீணாவுக்கு வரல. வாய் நிக்குது, கை நிக்க மாட்டேங்குது. வேணாம்னவங்க இலைகிட்ட கை தானா நீளும், நான் "ஏய்"னு கத்துவேன், பின்னுக்கு இழுத்துக்குவா. கடை சாத்தின பிறகு நான் நோயாளி மாதிரி பெஞ்சுல சாஞ்சுக்குவேன், அவ ரசம் சாதத்தை ஸ்பூன்ல ஊட்டுவா. நான் போதும்பேன். அவ மொகம் அப்படியே வாடிப் போயிடும். அப்புறம் என் வாயில வச்சே தீருவா. ஒரு நாள் எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"ஏண்டி, உனக்கு ஜப்பான் வேணுமா, எனக்கு ஊட்டணுமா? போதும்னா விட்டா என்ன உசுரா போயிடும்?"

"போயிடுச்சுக்கா"ன்னா.

ஸ்பூனைத் தட்டுல வச்சுட்டு அழுதா. அப்பா போன அன்னிக்கு அவரு ரெண்டு வாயிலயே போதும்னுட்டாராம். இவளுக்கு ஒடம்பெல்லாம் அசதி. சரிப்பான்னு விட்டுட்டாளாம். தெனமும் கொஞ்சிக் கெஞ்சி ஊட்டினவ, அன்னிக்கு ஒரு நாள் விட்டுட்டா. சாயங்காலம் அவரு போயிட்டாரு. "இன்னும் ஒரு வாய் குடுத்திருக்கணும்கா. நான் விட்டிருக்கக் கூடாது." இத்தனை வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லல, பாவி. சிரிச்சுச் சிரிச்சு ஊருக்கே சோறு போட்டுக்கிட்டு இதை உள்ளேயே வச்சிருந்திருக்கா.

நானும் சேந்து அழுதா யாரு சமாளிக்கறது? "அடி பைத்தியக்காரி! ஒரு வாய் சோத்துல உசுரு நிக்கும்னா, இந்த ஆஸ்டின் டவுன்ல எவனும் செத்திருக்கவே மாட்டானே, நான் போடற சோத்துக்கு! உங்கப்பா உன் கையால வருஷக்கணக்கா சாப்பிட்டாரு. அன்னிக்கு அவருக்கு நிஜமாவே போதும்டி. நீ அவரு சொன்னதைக் கேட்ட. அவ்ளோதான்"னேன். அவ என் மடியில படுத்துக்கிட்டு ரொம்ப நேரம் அழுதா. ரசம் சாதம் ஆறி எறுகிப் போச்சு.

மறுநாள் சேஷகிரி சாரே, "நான் நோயாளியா இருக்கேன், ஜெயம்மா நடிப்பு சகிக்கல"ன்னு முன்வந்தாரு. அவரு சாக்குன்னாரு. வீணா ஸ்பூனைத் தட்டுல வச்சா. கையை மடியில வச்சுக்கிட்டா. வாயைத் தொடைச்சுவிட்டா. எந்திரிச்சுப் போவான்னு பாத்தா, போகல. அவரு மொகத்துக்கு நேரா உக்காந்தபடியே, "சரி சார், சாக்கு. நான் இங்கதான் இருக்கேன்"னா. அவரு தொண்டை அசையறதையே பாத்துக்கிட்டு இருந்தா. சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தூசின்னாரு. பின்னால ரகசியமா என்கிட்ட, "என் பேச்சைக் கேட்டு ஒருத்தங்க நிறுத்தி ரொம்ப காலமாச்சு ஜெயம்மா"ன்னாரு. அட மனுஷா, அப்ப இத்தனை நாள் எங்களைத் திட்டிக்கிட்டுத்தான் சாப்பிட்டியான்னு நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது டெஸ்ட்டு அன்னிக்கு நான் சாம்பார்ல உப்பு போட மறந்துட்டேன். ஒருத்தனும் வாயைத் திறக்கல, எல்லாரும் போனையே பாத்துக்கிட்டு சாப்பிட்டாங்க. கடைசியில சுப்ரியா மேடம்தான் போன் பண்ணாங்க. அதே அம்மாதான் உக்காந்தாங்களாம். கொஞ்சம் சாப்பிட்டுட்டு போதும்னாங்களாம். வீணா ஸ்பூனை வச்சுட்டு, வாயைத் தொடைச்சுட்டு, கண்ணுக்கு நேரா உக்காந்து, "சரிங்க, நான் இங்கதான் இருக்கேன்"னு சொன்னாளாம். ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தாங்களாம். அந்தம்மாவுக்கு என்ன தோணுச்சோ, கொஞ்ச நேரம் கழிச்சு தானா வாயைத் திறந்து காட்டினாங்களாம். "எடுத்துட்டாங்க ஜெயாம்மா! வீணாவை எடுத்துட்டாங்க!"

சின்னத்தாயி தரையில உக்காந்து பச்சைமுத்து பேரைச் சொல்லி அழுதுச்சு. யூஜின் ஆட்டோ ஹாரனை அடிச்சுக்கிட்டே தெருவைச் சுத்தினான். உப்பில்லாத சாம்பாரை அன்னிக்கு எல்லாரும் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

அவ கெளம்பறப்போ பருப்புப்பொடி, ஊறுகாய்னு பொட்டியில இடமில்லாத அளவுக்கு அடைச்சேன். யூஜின் ஆட்டோவுலதான் ஏர்போர்ட் பஸ்ஸுக்குப் போனா. இவனை ஏமாத்தின ஊருக்கு இவன் போனப்போ வழியனுப்ப ஒருத்தரும் வரலையாம். அதனால அவ பஸ்ஸுல ஏறி கை காட்டற வரைக்கும் நின்னுட்டு வந்தான். சின்னத்தாயி திரும்பி வந்து என்கிட்ட, "போயிடுச்சு"ன்னு மட்டும் சொல்லிச்சு.

அதுக்கப்புறம் மெஸ்ஸுல நான்தான் பரிமாறறேன். சின்னத்தாயி லீவு நாள்ல வந்து ஓரமா உக்காரும். கொறிச்சுட்டு எந்திரிச்சுடும். நானும் கேட்டுக்கறதில்ல. பொண்ணு போன ஏக்கம், இருக்கத்தானே செய்யும்னு விட்டுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை கடை சாத்தற நேரத்துல வீணா வீடியோ கால்ல வந்தா. தொப்பி, ஸ்வெட்டரு, மூக்கு செவந்து கெடக்கு. அந்த இல்லத்துல இருக்கற பெரியவங்களைப் பத்திச் சொன்னா. ஒரு தாத்தா இவ பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாராம், இவ பக்கத்துல உக்காந்தாத்தான் சாப்பிடறாராம். யாரும் பாத்திரம் கழுவச் சொல்லலையாம், அதைச் சொல்லச் சொல்ல அவ மொகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா? நானும் சின்னத்தாயியும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து பாத்தோம்.

"நீ சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டேன்.

சிரிச்சா. "அக்கா, வந்த மொத நாள் கேன்டீன்ல சோறு வச்சாங்க. கொஞ்சம் வச்ச உடனே நான் போதும்னு சொல்லிட்டேன், நம்ம மரியாதைக்கு. அப்படியே நிறுத்திட்டாங்கக்கா. நான் தட்டை நீட்டிக்கிட்டே நிக்கறேன், அவங்க எனக்குப் பின்னாடி இருக்கறவங்களுக்கு வைக்கப் போயிட்டாங்க." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. பாதியில மூக்கை உறிஞ்சினா. "ரொம்ப நல்லவங்கக்கா எல்லாரும். ஆனா இங்க போதும்னு சொன்னா யாரும் இன்னொரு கரண்டி வைக்கறதில்ல."

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. எனக்கே!

அப்புறம் அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "அம்மா ஏன்க்கா இப்படி எளைச்சுப் போயிருக்கு? சாப்பிடுதா இல்லையா?"ன்னு கேட்டா. சின்னத்தாயி மொகத்தைத் திருப்பிக்கிச்சு, அவங்க வீட்டுக்காரரு மாதிரியே. "அக்கா, போனை சம்படத்து மேல சாச்சு வை. இலை போடு. அது போதும்னு சொல்லும், நீ விட்டுடாத."

போட்டேன் இலை. சின்னத்தாயி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, "போதும் ஜெயா"ன்னு கையைக் குறுக்க வச்சுது. நான் கரண்டியோட நின்னேன். அங்க ஜப்பான்ல இருந்து ஒருத்தி கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு இருக்கா. சின்னத்தாயிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு, தொடைக்கக் கையை எடுத்துச்சு.

"இப்ப வைக்கா!"ன்னு கத்தினா வீணா. வச்சேன்.